கிளாஸின் அடியில் இருந்த அரக்கு

1. பதினோரு கிளாஸ்

கண்ணாடி கழுவும் வேலையில் என் முதல் நாள் கோவாவில், ஒரு பெரிய ஹோட்டலின் சமையற்கட்டுக்குப் பின்னால். அந்த ஒரே ஷிஃப்டில் பதினோரு ஒயின் கிளாஸ் உடைத்தேன். எட்டு கிளாஸ் எவர்சில்வர் சிங்க்கில் இடித்துப் போனது. மூன்று துடைக்கும்போது என் கையிலேயே முறிந்தது. அடித்தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேல் கிண்ணத்தை மறு கையால் திருகினால் நடுத்தண்டு முறியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளங்கையில் நான்கு தையல். சூப்பர்வைசர் மங்களூர்க்காரர், அதிகம் பேச மாட்டார். மறுநாள் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, கழுவி முடித்த கிளாஸ்களைச் சரிபார்த்து அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

அங்கே ஒரு பாடத்தை மண்டையில் ஏற்றினார்கள். எந்த கிளாஸ் கைக்கு வந்தாலும் முதலில் அடியைப் பார்க்க வேண்டும். கம்பெனி ஸ்டிக்கர், பசை, பெயின்ட் பொட்டு என்று எது ஒட்டியிருந்தாலும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் எடுத்துவிட வேண்டும். மேஜை வெளிச்சத்தில் அடியில் ஒரு புள்ளி தெரிந்தாலும் மேனேஜர் முழு ட்ரேயையும் திருப்பி அனுப்புவார். ஆறு மாதத்தில் என் கை மூளையைக் கேட்காமலே அதைச் செய்யப் பழகிவிட்டது. கை அப்படிப் பழகுவதைத்தான் ஹோட்டலில் தேர்ச்சி என்பார்கள்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஊர் தேவகோட்டைப் பக்கம் ஒரு வேதக்காரக் கிராமம், எல்லோரும் கிறிஸ்தவர்கள். என் பெயர் சூசை. எந்த இடத்திலும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. கோவா, கொச்சி, தோஹா, ஊட்டி, மறுபடி கொச்சி. சண்டை போட்டு வெளியேறியது குறைவு. ஒருநாள் காலையில் கண் விழித்தால் அந்த அறையின் சுவர் பிடிக்காமல் போய்விடும். சாயங்காலம் பஸ்ஸில் இருப்பேன். கல்யாணம் நடக்காமல் போனதும் இதனால்தான். ரயில் நிலையத்தில் படுத்திருக்கிறேன். ஒரு நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசல் கஞ்சியில் ஓட்டியிருக்கிறேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பசித்தது, கஞ்சி கொடுத்தார்கள், குடித்தேன்.

ஐம்பத்தாறு வயதில் காரைக்குடிக்கு வந்தேன். பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே ஸ்டூவர்டிங், அதாவது பாத்திரம் பண்டம் கழுவிப் பராமரிக்கிற வேலை. தங்க வருகிறவர்களில் பலருக்குச் சுற்று வட்டாரத்தில் சொந்த வீடு உண்டு, வீட்டில் கண்ணாடிச் சாமான் உண்டு, கழுவத்தான் ஆள் இல்லை. லீவு நாளில் அந்த வீடுகளுக்குப் போக ஆரம்பித்தேன்.

2. கழுவும் முறை

ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிரிஸ்டல் என்று நாம் சொல்வது ஈயம் கலந்த கண்ணாடி. கையில் கனக்கும், ஆனால் மென்மையானது. சீக்கிரம் கீறல் விழும். சூடும் குளிரும் சட்டென்று மாறினால் விரிசல் விடும். அதனால் கை பொறுக்கிற வெதுவெதுப்புக்கு மேல் தண்ணீர் கூடாது. பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் பனி படர்ந்த மாதிரி மங்கிவிடும். அந்த மங்கல் பிறகு எதைப் போட்டாலும் போகாது. பிளாஸ்டிக் டப் எடுத்து அடியில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். தண்ணீருக்குள் ஒரு நேரத்தில் ஒரு கிளாஸ்தான். உப்புத் தண்ணீர்க் கறை இருந்தால் வினிகர் கலந்து கொஞ்ச நேரம் ஊற விடலாம். தங்க விளிம்பு போட்டதற்கு வினிகர் ஆகாது, தங்கம் போய்விடும். கழுத்து குறுகிய கூஜாவுக்குள் கை போகாது. ஒரு பிடி அரிசியும் வினிகரும் போட்டுச் சுழற்றினால் அரிசியே தேய்த்துக் கொடுக்கும். துடைக்க நைந்த வேட்டியை மிஞ்சி எதுவும் இல்லை, புது டவல் பஞ்சு விடும். துடைக்கும்போது கிண்ணத்தை முழுக்கக் கையில் ஏந்திக்கொள்ளுங்கள். பீரோவில் கவிழ்த்து வைக்காதீர்கள். விளிம்புதான் கிளாஸில் ரொம்ப மெலிந்த இடம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கொத்தமங்கலத்தில் ஒரு குடும்பத்தைக் கெடுக்க இருந்தேன்.

3. கொத்தமங்கலம்

அந்த வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்குச் சொந்தம். அண்ணன் செட்டியாருக்கு அறுபதாங் கல்யாணம், வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை என்னை வரச் சொல்லியிருந்தார்கள், ஹோட்டலில் அந்த வாரம் முழுக்க லீவு எடுத்துக்கொண்டேன். கூப்பிட்டவர் அவருடைய மனைவி மெய்யம்மை ஆச்சி. ஆட்களை வேலை வாங்குவதில் கெட்டிக்காரர். ஹாலில் இருந்த கண்ணாடி பீரோவைத் திறந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

உள்ளே நாற்பத்தாறு கிளாஸ்களும் நான்கு கூஜாக்களும் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி. தண்டு வைத்து, உடம்பெல்லாம் பூப்போட்ட வெட்டு. சைவ வீடு, அவற்றில் ஒருநாளும் மது ஊற்றியதில்லை. சம்பந்திமாருக்கு நன்னாரி சர்பத் கொடுப்பதற்கு வைத்திருந்தார்கள். வீட்டில் அதற்குப் பெயர் 'கால் வச்ச கிளாஸ்'.

"படம் புடிக்கிறவுக வருவாக, சூசை. வெளிச்சம் பட்டா பளிச்சுனு தெரியணும்" என்றார் ஆச்சி.

பின்கட்டில் ஜன்னல் ஓரம் டப்பை வைத்து உட்கார்ந்தேன். முதல் கிளாஸை எடுத்ததுமே கை தானாகக் கவிழ்த்தது. அடித்தட்டின் நடுவில் பொட்டு அளவுக்குச் சிவப்பு அரக்கு. தபால் பார்சலில் முத்திரை வைக்கிற அரக்கு. ஸ்பிரிட் பஞ்சை வைத்து ஒரு நிமிஷம் அழுத்தினேன், இளகியது. நகத்தால் நெம்பினேன், போய்விட்டது. அடுத்த கிளாஸிலும் அப்படியே. அதற்கடுத்ததில் அரக்கு இல்லை. பாதி கிளாஸில் இருந்தது, பாதியில் இல்லை. ஏன் பாதியில் மட்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. நான் யோசிக்கவில்லை. போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் எடுத்தேன். சாயங்காலம் நாற்பத்தாறும் மேஜைமேல் நின்றபோது எனக்கே பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கூஜாக்களில் அரிசியும் வினிகரும் போட்டு ஊற வைத்தேன். பாண்டியம்மா காபி கொண்டுவந்தார். அந்த வீட்டில் இருபது வருஷமாகச் சமைக்கிறவர். ஒரு கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு கவிழ்த்தார்.

"அண்ணே, இதுல இருந்த அரக்கு எங்குட்டு?"

துடைத்தாச்சு என்றேன்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

அவர் காபியைக் கீழே வைத்தார். "நல்லா வேல பாத்திருக்கீக. ரெண்டு குடும்பத்தையும் சேத்துல்ல வழிச்சு எடுத்துட்டீக."

பிறகு விஷயத்தைச் சொன்னார். இந்த வீடுகளில் பெண்கள் கல்யாணமாகி வரும்போது கொண்டுவருகிற பித்தளை, வெள்ளிச் சாமான்களில் அவரவர் பெயரெழுத்தை வெட்டியிருப்பார்கள். பொது வீட்டில் சாமான் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. பாத்திரக் கடை உளியால் கண்ணாடியில் எழுத்து வெட்ட முடியாது. அதனால் தம்பி மனைவி உமையாள் ஆச்சி, வந்த வருஷமே தன்னுடைய கிளாஸ்களுக்கு அரக்குப் பொட்டு வைத்துவிட்டார். அரக்கு வைத்தது உமையாள் ஆச்சிக்கு, வைக்காதது மெய்யம்மை ஆச்சிக்கு. இரண்டு டஜனில் ஒவ்வொன்று உடைந்தது போக, ஆளுக்கு இருபத்துமூன்று.

விஷயம் அதோடு நிற்கவில்லை. உமையாள் ஆச்சி இருப்பது கோயம்புத்தூரில். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விசேஷத்தில், சாமான் அறைச் சாவி யாரிடம் இருப்பது என்று பேச்சு முற்றி, இலை போடுவதற்கு முன்பே காரில் ஏறிப் போனவர். அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. இந்த விசேஷத்துக்காக மெய்யம்மை ஆச்சி இரண்டு தடவை கோயம்புத்தூர் போய் அழைத்திருக்கிறார். வியாழக்கிழமை காலை வருவதாக உமையாள் ஆச்சியும் ஒப்புக்கொண்டிருந்தார்.

"வந்ததும் பீரோவத்தான் தெறப்பாக. அரக்கு இல்லேன்னா, சாவி வச்சிருக்கவுகதான் மாத்திட்டாகன்னு ஆகும். அப்புறம் கலியாணத்துல நிப்பாகளா? மணையில ஒக்காந்திருக்கவுக மூஞ்சி எப்புடி இருக்கும்?"

4. பஸ் நிறுத்தம்

பாண்டியம்மா அடுப்படிக்குப் போனதும் என் பையை எடுத்தேன். எனக்கு அது புதிதல்ல. தப்பு நடந்த இடத்தில் நின்று பழக்கமில்லை. ஊட்டியில் கேஸ் ஸ்டவ் விஷயம், தோஹாவில் ஒரு ஃபோர்மனோடு தகராறு, எல்லா இடத்திலும் கேள்வி வருவதற்குள் நான் வேறு ஊரில் இருந்திருக்கிறேன். காரைக்குடி போய், ஹோட்டலில் துணிமணி எடுத்துக்கொண்டு, மதுரைக்குப் போய்விட்டால் முடிந்தது. கால் அதற்குள் வேகம் பிடித்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றேன். ஆச்சியின் நிலைமையை யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசித்தது கூஜாக்களை. வினிகர் ஊற்றி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் யாருக்கும் அதைக் கொட்ட வேண்டும் என்று தெரியாது. அப்படியே விட்டால் அரிசி ஊறிப் புளித்து அடியில் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். குறுகிய கழுத்து, பிறகு சுரண்டி எடுக்க முடியாது. நான் கை வைத்த சாமான் கெட்டுப் போய் நிற்கும்.

பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டி, போகச் சொன்னேன்.

கூஜாவைக் கழுவிவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றுதான் திரும்பினேன்.

5. சத்தம்

மெய்யம்மை ஆச்சி மேஜை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் தோளில் இருந்த பையைப் பார்த்தார்.

"பையோட எங்குட்டுப் போய்ட்டு வார?"

"பஸ்ஸுக்கு, ஆச்சி."

"பஸ்ஸு வரலையாக்கும்?"

"வந்துச்சு."

நான் கூஜாவைக் கழுவ உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்க வேண்டியிராது என்பதால், கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பையையும் சேர்த்துச் சொன்னேன்.

ஆச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாந்தான் செஞ்சேன்னு சொல்லுவா" என்றார். "அவ எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன்."

திரும்ப ஒட்டிவிட முடியுமா என்று கேட்டார். எதில் ஒட்டுவது என்பதுதான் பிரச்சினை. இரண்டு பேருடையதும் வேறு வேறு இடத்தில் வாங்கியதாக இருந்தால் ஏதாவது வித்தியாசம் இருக்கும், பிரித்துப் பார்க்கிறேன் என்றேன்.

ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பை நகத்தால் சுண்டினேன். முதலாவது ணங்கென்று ஒலித்து, காதுக்குள் நின்று மெல்லத் தேய்ந்தது. இரண்டாவது டக்கென்று அங்கேயே செத்தது. ஒலித்ததை வலப்பக்கம் வைத்தேன், ஒலிக்காததை இடப்பக்கம். பிறகு கையால் தடவிப் பார்த்தேன். வலப்பக்கத்தில் வெட்டுகள் விரலைக் கீறுகிற கூர்மை, சக்கரத்தில் வைத்துக் கையால் வெட்டியது. இடப்பக்கத்தில் வெட்டுகள் மழுங்கல், தண்டில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. அச்சில் ஊற்றி எடுத்த சாதாரணக் கண்ணாடி. முடித்தபோது இரு பக்கமும் சரியாக இருபத்துமூன்று.

"எது என்னுது?" என்றார் ஆச்சி.

"அது எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியணும்."

"எனக்குச் சத்தமெல்லாம் தெரியாது. சர்பத்து ஒழுகாம இருந்தாச் சரின்னு இருந்துட்டேன். எங்க அப்பச்சி பெல்ஜியம் கண்ணாடின்னு சொன்னாக. அவ வீட்லயும் பெல்ஜியம்னுதான் சொன்னாக." செட்டியார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்பார்கள்.

இரண்டில் ஒரு வீட்டில் சொன்னது உண்மையில்லை. அது எந்த வீடு என்று மேஜையைப் பார்த்தால் தெரியாது. ஆச்சி இரண்டு வரிசையையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வாரதுல அரக்க ஒட்டிரு."

"அது உங்களுதா இருந்தா, ஆச்சி?"

"இருந்தாப் போகட்டும். மட்டமானத அவ பக்கம் தள்ளிட்டேன்ற பேச்சு மட்டும் வரக் கூடாது."

காரைக்குடியிலிருந்து அரக்கு வந்தது. கொதிக்கிற சொட்டு நேராக விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும் என்பதால், கத்தி முனையில் எடுத்துச் சற்று ஆற விட்டு, ஒவ்வொரு பொட்டாக வைத்தேன். சுத்தமான கிளாஸில் அழுக்கை வைப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுத்த பஸ்ஸும் அதற்கடுத்த பஸ்ஸும் போயின. ஹாரன் கேட்கும்போதெல்லாம் கால் அரித்தது. உட்கார்ந்திருந்தேன்.

6. உமையாள் ஆச்சி

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கார் வந்தது. உமையாள் ஆச்சி ஒல்லியானவர், நடையில் வேகம். பாண்டியம்மா நீட்டிய காபியை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, சாவியைக் கேட்டார். மெய்யம்மை ஆச்சி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் கூஜாவைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

உமையாள் ஆச்சி பீரோவைத் திறந்து ஒரு கிளாஸை எடுத்தார், கவிழ்த்தார், அரக்கைப் பார்த்தார். அதோடு விடவில்லை. நிமிர்த்தி விளிம்பை நகத்தால் சுண்டினார். ஹால் முழுக்கக் கேட்டது. இன்னொன்று. இன்னொன்று.

"இது என்னுது இல்ல."

"அரக்கு இருக்குல்ல" என்றார் மெய்யம்மை ஆச்சி.

"அரக்கு புதுசு. கிளாஸு ஒங்களுது. யாருக்குப் பிச்ச போடுறீக?"

இதற்கு மேல் சும்மா நின்றால் ஆறு வருஷம் பன்னிரண்டு வருஷமாகிவிடும் என்று தெரிந்தது. நான் முன்னால் போய், அரக்கை எடுத்தவன் நான், ஒட்டியவனும் நான், தெரியாமல் மாற்றி ஒட்டிவிட்டேன் என்றேன்.

"அவன் மேல போட வேணாம்" என்றார் மெய்யம்மை ஆச்சி. "எடுத்தது அவன். சத்தம் வாரதுல ஒட்டச் சொன்னது நானு."

உமையாள் ஆச்சி கையிலிருந்த கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் பேசியது எங்கள் யாரையும் பார்த்து அல்ல, பீரோவைப் பார்த்து. மூத்த மருமகள் இரண்டு டஜன் கால் வச்ச கிளாஸ் கொண்டுவந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, உமையாள் ஆச்சியின் அப்பச்சி அதே பூ வெட்டில் மெட்ராஸில் தேடி வாங்கியிருக்கிறார். கடைக்காரன் பெல்ஜியம் என்று சொல்ல, அவரும் நம்பியிருக்கிறார். கல்யாணமாகி வந்த புதிதில் எல்லாவற்றையும் கழுவும்போது, ஒன்றோடு ஒன்று லேசாக இடித்ததில், எது ஒலிக்கிறது எது ஒலிக்கவில்லை என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. அப்பச்சியிடம் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை.

"மட்டமானது என்னுதுன்னு நானே பொட்டு வச்சேன். நாளப்பின்ன எவளாச்சும் சுண்டிப் பாத்து, சின்னவ நல்லத மாத்தி எடுத்துக்கிட்டான்னு ஒரு வார்த்த சொல்லிறக் கூடாதுல்ல."

பாண்டியம்மாவிலிருந்து ஊர் வரைக்கும் எல்லோரும் நினைத்திருந்தது, தன்னுடையது உசத்தி என்றுதான் அவர் அரக்கு வைத்தார் என்று.

"நல்லத ஏன் ஆச்சி என் பக்கம் தள்ளுனீக?" என்றார் உமையாள் ஆச்சி, இந்த முறை மூத்தவரைப் பார்த்து.

மெய்யம்மை ஆச்சி முந்தானையால் மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். "இந்தத் தடவையாச்சும் நீ சாப்ட்டுட்டுப் போகணும்னுதான்."

உமையாள் ஆச்சி மேஜைமேல் இருந்த காபியை எடுத்தார். பாண்டியம்மா, ஆறிப்போச்சு ஆச்சி, வேறு கொண்டுவருகிறேன் என்றார். வேண்டாம் என்று அதையே குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அந்த அரக்க எடுத்துரு" என்றார்.

"உங்களுதுல மாத்தி ஒட்டவா, ஆச்சி?"

"எதுலயும் வேணாம்."

வெள்ளிக்கிழமை நாற்பத்தாறும் ஒரே ட்ரேக்களில் கலந்து போயின. சர்பத் கொண்டுபோனவர்களில் உமையாள் ஆச்சியும் ஒருவர். போட்டோவுக்கு நின்ற கூட்டத்தில் யாரோ முழங்கையால் இடித்து ஒன்று உடைந்தது. துண்டுகளைக் கூட்டி அள்ளியது நான்தான். எந்த வரிசை என்று சுண்டிப் பார்க்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. பந்தி முடிந்ததும் மிச்சம் நாற்பத்தைந்தையும் கழுவி, கைக்கு வந்த வரிசையில் பீரோவில் வைத்தேன்.

7. அதற்குப் பிறகு

காரைக்குடி ஹோட்டலை ஐந்து மாதத்தில் விட்டுவிட்டேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போது ஒரு பழைய மொபெட்டில் டப்பையும் வேட்டித் துணிகளையும் கட்டிக்கொண்டு நேமத்தான்பட்டி, கீழச்சிவல்பட்டி என்று வீடு வீடாகப் போகிறேன். ஒரே வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் வேலை இருக்காது. எனக்கு அது ஒத்துப்போகிறது.

கொத்தமங்கலத்தில் நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம். கறையா, வைத்த குறியா என்பது கழுவுகிறவனுக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். இப்போது தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால், ஒட்டியிருப்பது, கீறியிருப்பது, பூசியிருப்பது எல்லாவற்றையும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். பெரும்பாலும் எரிச்சல்படுவார்கள். "அழுக்குதான்பா, இதக் கூடவா கேப்பாக, தேயி" என்பார்கள். தேய்த்துவிடுவேன்.

போன மாதம் கீழச்சிவல்பட்டியில் ஒரு வீட்டில், கூஜா ஒன்றின் கழுத்தில் கறுப்பாக ஏதோ பூசியிருந்தது. வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தக் கறுப்பை ஒருமுறை தடவினார். பிறகு திருப்பிக் கொடுத்து, "அது இருக்கட்டும்" என்றார்.

என்னவென்று கேட்கவில்லை. அந்த இடத்தை விட்டு, சுற்றிலும் கழுவிக் கொடுத்தேன்.